அடிப்புள்ளியில் ஓர் அம்புக்குறி

அன்புள்ள இளம் இயற்பியல் ஆசிரியருக்கு,

பதினொன்றாம் வகுப்புக்குச் செங்குத்து வட்ட இயக்கத்தை முதன்முறையாக நடத்தப்போகிறீர்கள். பாடத்தைத் தொடங்குமுன் கரும்பலகையில் ஓர் ஊசலை வரைந்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். குண்டு மிகத் தாழ்ந்த புள்ளியைக் கடக்கும் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு, எந்தப் பக்கம்? நிறையப் பேர் “சுழி” என்பார்கள்.

அந்தப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஷாஃபரும் லிலியன் மெக்டெர்மாட்டும் இப்படிப்பட்ட கேள்விகளை மாணவர்களிடம் கேட்டு, கண்டதை 2005-இல் வெளியிட்டார்கள். முதலாண்டு மாணவர்கள் மட்டுமல்ல, அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆய்வு மாணவர்களிலும் பலர் ஊசலில் தடுமாறியிருந்தார்கள்.

தவறு எங்கே விளைகிறது? பெரும்பாலும் நம் பாடத்திலேயே. தனி ஊசலைத் தனிச்சீரிசை இயக்கமாக நடத்தும்போது குண்டு போகும் வில்லை நேர்கோடாக எடுத்துக்கொள்கிறோம். நடுவில் முடுக்கம் சுழி, ஓரங்களில் உச்சம் என்று எழுதிப்போடுகிறோம். கோணம் சிறிதாக இருக்கும்வரை அதனால் பெரிய பிழை வராது. புவியீர்ப்பு முடுக்கத்தை ஜி என்று வைத்துக்கொண்டால், 5 பாகை விலக்கி விட்ட ஊசலுக்கு ஓரத்தில் முடுக்கம் 0.087 ஜி, அடியில் 0.008 ஜி கூட இல்லை. ஆனால் 60 பாகை விலக்கி விட்டுக் கணக்குப் போடுங்கள். ஓரத்தில் 0.87 ஜி, அடியிலோ முழுதாக ஒரு ஜி, அதுவும் மேல்நோக்கி! விடும் கோணம் சுமார் 53 பாகையைத் தாண்டிவிட்டாலே அடியின் முடுக்கம் ஓரத்தின் முடுக்கத்தை மிஞ்சிவிடுகிறது.

ஆகவே, சூத்திரத்துக்கு முன் அம்புக்குறி வரட்டும். அடிப்புள்ளிக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் திசைவேகத்துக்கு ஓர் அம்பு வரையச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நீளம் ஒன்றே. முதலாவது சற்றே கீழே சாய்ந்திருக்கும், அடுத்தது சற்றே மேலே. இரண்டின் வாலையும் ஒரே புள்ளியில் வைத்து, முதல் அம்பின் முனையிலிருந்து இரண்டாவதன் முனைக்குக் கோடு இழுத்தால் அது நேராக மேலே, நூல் கட்டிய ஆணியை நோக்கி நிற்கும். வேகம் மாறவில்லை, திசை மாறியது. அந்தக் கோட்டைத் தன் கையால் இழுத்த மாணவி மறுபடியும் சுழி என்று எழுதத் தயங்குவாள்.

அடுத்து ஹைகென்ஸின் கதையைச் சொல்லுங்கள். நெதர்லாந்துக்காரரான கிறிஸ்டியான் ஹைகென்ஸ், ஊசல் கடிகாரம் பற்றிய தம் பெரிய நூலை 1673-இல் பாரிஸில் வெளியிட்டபோது, அதன் கடைசிப் பக்கங்களில் 13 தேற்றங்களை நிரூபணம் இல்லாமல் வைத்தார். கால்வட்டம் முழுவதும் இறங்கிவரும் ஊசல், அடியில் தன் எடையைப்போல் மூன்று மடங்கு விசையால் நூலை இழுக்கும் என்பது அவற்றில் ஒன்று. செங்குத்து வட்டத்தில் முழுச் சுற்று சுற்றும் குண்டுக்கு ஆறு மடங்கு எடையைத் தாங்கும் நூல் வேண்டும் என்பது இன்னொன்று. நியூட்டனின் பிரின்சிப்பியா வருவதற்கு 14 ஆண்டுகள் முந்தைய முடிவுகள் இவை. நிரூபணங்கள் அவர் இறந்தபின் 1703-இல்தான் அச்சேறின.

ஆடும் ஊசல் தன் எடையைவிட அதிக விசையால் நூலை இழுப்பதை வகுப்பிலேயே காட்டலாம். தையல் நூலில் ஒரு சிறு பிளாஸ்டிக் புட்டியைத் தொங்கவிட்டு, நூல் அறும்வரை கொஞ்சம் கொஞ்சமாக மணல் போடுங்கள். அறுந்தபோது இருந்த எடையைக் குறித்துக்கொண்டு, மொத்த எடை அதில் பாதியாகும்படி மணலைக் குறைத்து, புது நூலில் கட்டுங்கள். சும்மா தொங்கினால் நூலுக்கு ஒன்றும் ஆகாது. 30 பாகையிலிருந்து விட்டால் இழுவிசை எடையில் 1.27 மடங்குதான், தாங்கிவிடும். கிடைமட்டமாகத் தூக்கி விட்டால்? கணக்குப்படி, புட்டி அடியைத் தொடுவதற்கு 48 பாகை இருக்கும்போதே நூல் அற வேண்டும். நூலுக்கு நூல் வலிமை சற்று மாறும் என்பதால் நாலைந்து முறை செய்யுங்கள். அறுந்த புட்டி பாயும் பக்கம் பிள்ளைகள் யாரும் நிற்கக் கூடாது.

வகுப்பு சூடு பிடித்துவிட்டால் இன்னொரு கேள்வியும் போடலாம். கிடைமட்டத்திலிருந்து விட்ட ஊசலின் முடுக்கம், விட்ட கணத்தில் நேர் கீழே. அடியில் 2 ஜி, நேர் மேலே. கீழே பார்த்த அம்பு மேலே திரும்ப வேண்டுமென்றால் வழியில் எங்கோ படுக்கைவாட்டில் கிடந்தாக வேண்டும். எங்கே? நூல் செங்குத்தோடு 54.7 பாகையில் இருக்கும்போது. அங்கே இழுவிசையின் செங்குத்துக் கூறு குண்டின் எடையைச் சரியாக ஈடுசெய்துவிடுகிறது. விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். இரண்டு கூறுகளையும் வரைந்து பிள்ளைகளே வந்துசேரட்டும்.

தேர்வில் கேட்கப்படுவது பெரும்பாலும் உச்சியிலும் அடியிலும் உள்ள வேகங்கள்தான். அவற்றை ஒரே பாடவேளையில் முடித்துவிடலாம். அம்புக்குறிகளுக்கு மட்டும் இன்னொரு பாடவேளை ஒதுக்குங்கள். முதல் நாள் பிள்ளைகள் வரைந்த தவறான அம்புகளை அதுவரை பலகையிலிருந்து அழிக்காதீர்கள். எது ஏன் தவறு என்பதை வரைந்தவர்களே வந்து சொல்லித் திருத்தட்டும்.