தட்டிப் பார்த்தால் தெரியும்

சிவில் டிப்ளமோ படிக்கிற நமக்கு மரம் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயம். பரீட்சைக்கு முந்தின நாள் ஒரு புரட்டு, அவ்வளவுதான். நானும் அப்படித்தான் இருந்தேன், விடுமுறைப் பயிற்சிக்காகப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்றைச் சீர்செய்யும் வேலைக்குப் போகும் வரை.

அந்த வீட்டுக் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், அதன் குறுக்கே கட்டைகள், அதற்கும் மேல் சிறு செங்கல்லைக் குத்துவாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். உத்தரம் போனால் கூரையே போச்சு. 1870-71இல் கட்டிய புதுச்சேரி மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது பலருக்கு நினைவிருக்கும்.

கூடத்தில் ஏழு உத்தரங்கள். மூன்றின் நுனி சுவரோரம் கறுத்திருந்தது. நான் பெரிய இன்ஜினியர் மாதிரி, "ஏழையும் மாற்ற வேண்டும்" என்று குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். தொகையைப் பார்த்த வீட்டுக்கார அம்மா, "அவ்ளோ பணத்துக்கு நான் எங்க போவேன்? இடிச்சிட்டு மனையா வித்துட வேண்டியதுதான்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மறுநாள் ஆசாரி ஏணியில் ஏறிச் சுத்தியலால் தட்டினார். "தம்பி, காது குடுத்துக் கேளு." நல்ல இடத்தில் கணீரென்றது, கெட்ட இடத்தில் பொத்துப் பொத்தென்றது. அங்கே ஸ்குரூ டிரைவரால் குத்தினார், உள்ளே இறங்கியது. கெட்டுப்போனது சுவருக்குள் இருந்த பாகமும் வெளியே அரை அடியும்தான். மற்ற நாலு உத்தரத்தில் ஒரு பழுதும் இல்லை.

காரணம் மரத்தில் இல்லை, தண்ணீரில். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடித்து மக்கும். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்துச் சுவர் ஊறியிருந்தது. போதாததற்கு யாரோ வெளியே சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. அதனால் முதலில் குழாய், அடுத்து பூச்சு, கடைசியில்தான் உளி.

கூரைக்கு முட்டுக் கொடுத்து, மக்கிய நுனியை நல்ல மரம் தெரியும் வரை அறுத்தார்கள். இடித்த வீட்டிலிருந்து வாங்கிய பழைய தேக்கை நீளச் சாய்வாக ஒட்டுப்போட்டு போல்ட்டால் முடுக்கினார்கள். புது மரம் சுருங்கும், பழசு சுருங்கி முடிந்தது என்பது ஆசாரியின் கணக்கு. சுவர்க் குழியில் நுனியைச் சுற்றிக் காற்றுக்கு இடம் விட்டார்கள்.

கதவுகளில் இன்னொரு திட்டு வாங்கினேன். உப்புத்தாளால் சரசரவென்று தேய்த்துக்கொண்டிருந்தேன். சைட் இன்ஜினியர் ஓடிவந்து நிறுத்தினார். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். (90 பி.பி.எம். வரம்பு நம் நாட்டில் வந்ததே 2017 நவம்பரில்தான்.) தூசி நெஞ்சுக்குள் போகும், சட்டையோடு வீட்டுக் குழந்தைக்கும் போகும். நனைத்துச் சுரண்ட வேண்டும், முகமூடி வேண்டும், சோற்றுப் பொட்டலத்தை அங்கே பிரிக்கவே கூடாது.

ஐப்பசி மழையில் அந்த வீட்டுக்கு மறுபடி போனேன். அம்மா காபி கொடுத்தார். ஏணி கேட்டு வாங்கி ஏறி, உத்தரம் நுழையும் இடத்தில் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.