தஞ்சையில் ஓர் ஆசிரியர்

தஞ்சை மாநகரில் சிவகங்கைக் குளத்தின் அருகே பழமையான கிறித்தவ ஆலயம் ஒன்று உள்ளது. அதனுள்ளே வெண்பளிங்கில் செதுக்கிய சிற்பம் ஒன்றைக் காணலாம். முதியவர் ஒருவர் மரணப் படுக்கையில் கிடக்கிறார். இளைஞர் ஒருவர் அவர் கையைப் பற்றியவாறு அருகில் நிற்கிறார். முதியவர் ஆசிரியர், இளைஞர் அவருடைய மாணவர். அம்மாணவரே தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர். ஆசிரியரின் பெயர் சுவார்ட்ஸ்.

சுவார்ட்ஸ் 1726ஆம் ஆண்டில் செருமானிய நாட்டில் பிறந்தார். ஹாலே நகரத்தில் கல்வி பயிலும்போதே தமிழ் எழுத்துகளைக் கற்கத் தொடங்கினார். 1750ஆம் ஆண்டில், தம் இருபத்து நான்காம் வயதில், சமயப் பணிக்காகத் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அதன்பின் அவர் தம் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. தமிழைத் தெளிவாகப் பேசக் கற்றார். மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி, போர்ச்சுகீசியம் ஆகிய மொழிகளிலும் பயிற்சி பெற்றார். அவர் பிறருக்குக் கற்பித்த ஆங்கிலமும் அவருடைய தாய்மொழி அன்று. அதனையும் அவர் முயன்றே கற்றார். கற்பவனின் இடர்ப்பாடு இன்னதென்பதை அவர் தம் அனுபவத்தாலேயே அறிந்திருந்தார்.

அவருடைய வாழ்க்கை மிக எளியது. திருச்சிராப்பள்ளியில் இருந்த நாளில், நிமிர்ந்து நிற்பதற்கும் அரிதான ஒரு சிறிய அறையே அவருக்கு இல்லமாயிற்று. நம் நாட்டு முறையில் சமைத்த சோறும் காய்கறியுமே அவர் உணவு. கருஞ்சாயம் தோய்த்த முரட்டுப் பருத்தித் துணி அவருக்கு ஓராண்டு உடைக்குப் போதுமானதாயிற்று. 1778ஆம் ஆண்டில் தஞ்சையைத் தம் இருப்பிடமாகக் கொண்ட பின்னரும் இந்த எளிமை மாறவில்லை.

அவருடைய நாள் வைகறையில் தொடங்கும். உதவியாளர்களான உபதேசியார்கள் அவர் வீட்டில் கூடுவர். வழிபாடு முடிந்ததும், அன்று யார் எங்கே செல்லவேண்டும், என்ன செய்யவேண்டும் என்பதை எடுத்துரைத்து அவர்களை அனுப்புவார். பின்னர்ப் பிள்ளைகளின் கல்வி, கடிதங்கள், வழக்குத் தீர்க்க வேண்டி வருவோரின் முறையீடுகள் எனப் பகற்பொழுது கழியும். மாலையில் உபதேசியார்கள் திரும்பி வந்து, தாம் கண்டதையும் செய்ததையும் கூறுவர். மீண்டும் வழிபாடு நடைபெறும். இவ்வாறே ஆண்டுகள் பல சென்றன.

தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த சல்லிவன் என்பாரின் முயற்சியாலும் சுவார்ட்ஸின் உழைப்பாலும் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றின. பள்ளி ஒன்றுக்கு ஆண்டுதோறும் 250 வராகன் வழங்கக் கம்பெனியார் 1787ஆம் ஆண்டில் இசைந்தனர். இராமநாதபுரத்துப் பள்ளியில் அந்தணர், வணிகர் ஆகியோரின் பிள்ளைகளே மிகுதியாகப் பயின்றனர். மதம் மாற்றுவதற்காக இங்கே வஞ்சக வழி எதுவும் கையாளப்படலாகாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தம்மை நம்பிப் பிள்ளையை ஒப்படைத்த பெற்றோரை ஏமாற்றுவது ஆசிரியருக்கு அடாது என்பது அவர் கொள்கை.

அவருடைய சொல்லுக்கு இருந்த மதிப்பைக் காவிரி நாட்டு உழவர்களும் அறிவர். 1780ஆம் ஆண்டில் ஐதர் அலியோடு போர் மூண்டது. தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் தலைகாட்டியது. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. ஆயினும் அதனைக் கொண்டுவர மாடுகள் கிடைக்கவில்லை. முன்னர்ப் பலமுறை கூலி பெறாது ஏமாந்த மக்கள், அதிகாரிகளின் வாக்கை நம்ப மறுத்தனர். சுவார்ட்ஸ், “என் கையாலேயே பணம் தருவேன்” என ஊர்கள்தோறும் எழுதினார். ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டையை அடைந்தது. பின்னொரு சமயம், கொடுமைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிய உழவர்களுக்கு அவர் உறுதிமொழி அனுப்பியபோது, ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினர். சாகுபடிப் பருவம் பெரிதும் கடந்துவிட்டிருந்தது. எனினும் இரவும் பகலும் உழைத்து அவர்கள் பயிர் செய்தனர்.

இத்தகையவருக்கும் ஒரு பெருஞ்சோதனை நேர்ந்தது. 1787ஆம் ஆண்டில் துளஜா மன்னர் மரணத் தறுவாயில் இருந்தார். தாம் தத்தெடுத்த பத்து வயதுச் சிறுவனாகிய சரபோஜியைச் சுவார்ட்ஸிடமே ஒப்படைக்க அவர் விரும்பினார். அரசாட்சிப் பொறுப்பை ஏற்பது தமக்குத் தகாதெனக் கருதிய சுவார்ட்ஸ், மன்னரின் தம்பியான அமர்சிங்கைப் பாதுகாவலராக்குமாறு கூறினார். அவ்வறிவுரை நன்மையில் முடியவில்லை. அமர்சிங்கு தாமே அரசரானார். சிறுவன் அரண்மனையில் அடைபட்டான். அவனுக்குக் கல்வியும் மறுக்கப்பட்டது.

நேர்ந்தது நேர்ந்ததெனச் சுவார்ட்ஸ் வாளா இருந்துவிடவில்லை. கம்பெனி அதிகாரிகளுக்குச் சிறுவனின் நிலையை விடாது எடுத்துரைத்தார். அவனுக்குக் காவலும் கல்வியும் கிடைக்கச் செய்தார். 1793ஆம் ஆண்டில் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டு அங்கே கல்வியைத் தொடர்ந்தார். சரபோஜியே உரிய வாரிசு என்பதை நிலைநாட்டவும் சுவார்ட்ஸ் தளராது எழுதினார்.

1798ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் சுவார்ட்ஸ் உயிர் நீத்தார். சரபோஜி அவருடைய உடலருகே நின்று கண்ணீர் வடித்தார். அவ்வாண்டின் இடையிலேதான் சரபோஜி அரியணை ஏறினார். அக்காட்சியைக் காண ஆசிரியர் உயிரோடு இல்லை.

ஆயினும் ஆசிரியர் இட்ட வித்து வீண்போகவில்லை. சரபோஜி மன்னர் சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்கினார், பன்மொழி நூல்களைத் தேடிச் சேர்த்தார், கல்விச்சாலைகள் அமைத்தார், அரண்மனையில் அச்சகமும் நிறுவினார். தம் சமயத்தை அவர் விட்டாரல்லர், ஆசிரியரையும் மறந்தாரல்லர். பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு அப்பளிங்குச் சிற்பத்தைச் செய்வித்தவர் அவரே.

தவறு நேர்தல் யாவர்க்கும் இயல்பு. நேர்ந்த தவற்றை உணர்ந்து, அதனைத் திருத்தும்வரை ஓயாதிருத்தல் சான்றோர் இயல்பு. அவ்வியல்பையே சுவார்ட்ஸின் வாழ்வு நமக்குக் கற்பிக்கிறது.