பத்துப் பாயின்ட் எப்படி வந்தது?

என் மகன் தஞ்சையில் கல்லூரி கபடி அணி ரைடர். மேட்சுக்குப் பத்துப் பாயின்டுக்குக் குறையாமல் எடுக்கிறான். புரோ கபடிக்குத் தேறுவானா?
- ஒரு வாசகி, பாபநாசம்

பத்து இருக்கட்டும் அம்மா, அது எப்படி வந்தது என்று பாருங்கள். எதிரே ஆறேழு பேர் நிற்கையில் போனஸ் கோட்டை மிதித்துவிட்டு ஓடி வந்ததா, ஆளைத் தொட்டு எடுத்ததா? அணி அடுத்தடுத்து இரண்டு ரைடு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது ‘டூ ஆர் டை’. 30 விநாடிக்குள் பாயின்ட் எடுக்காவிட்டால் ரைடர் அவுட். இந்த ரைடுகளை மட்டும் செல்போனில் பிடித்து வையுங்கள். கார்னர் ஆள் கணுக்காலைப் பிடித்த பிறகும் காலை உருவிக்கொண்டு நடுக்கோட்டைத் தொடுகிறானா? அதுதான் சரக்கு.

அறுப்பு முடிந்த வயலில், லைட் போட்டு ஆடும் ஆட்டம் வேறு. ஷூ போட்டு மேட் விரிப்பில் ஆடுவது வேறு. மண்ணில் சறுக்கித் தப்பும் கால், மேட்டில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். மேட் பயிற்சிக்கு இப்போதே அனுப்புங்கள். எடையும் 85 கிலோவைத் தாண்டக் கூடாது. கல்யாணப் பந்தியில் ஒரு கண் இருக்கட்டும்!

பிடிக்கவும் பழகச் சொல்லுங்கள். உங்கள் மாவட்டத்துத் திருச்சனம்பூண்டி சேரலாதன் கார்னரில் நின்றே பேர் வாங்கியவர். 2016-இல் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது அவர்தான் கேப்டன், வயது நாற்பதைத் தொட்டிருந்தது. உங்கள் பையனுக்கு அவசரமே இல்லை.