தானே எடுத்து வைக்கும் அடி

அறிந்த தெரு, அறிந்த மொழி, அறிந்த வேலை ஆகிய இவற்றுக்குள் நமக்கு அச்சமில்லை. ஆதலால் அங்கேயே இருந்துவிட மனம் விழைகிறது. இதனைப் பழகிய வட்டம் எனலாம். அதைத் தாண்டினாலன்றிக் குறிக்கோள் கைகூடாது என்று மேடைதோறும் கேட்கிறோம். எப்படித் தாண்டுவது என்பதைத்தான் எவரும் விளக்கக் காணோம். நம் வேலூரில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸின் வாழ்க்கை அதற்கு விடை தருகிறது.

தள்ளப்பட்ட அடி

1925-ஆம் ஆண்டு கேரளத்தில் பிறந்த மேரி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். மகளிர் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெறுவது அவர் எண்ணம். 1954-இல் நண்பர்களுடன் சென்ற வண்டி கவிழ்ந்தது. முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் அற்றுப் போயின. வயது இருபத்தெட்டு.

அப்போது கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டு தொழுநோயாளரின் கைகளைச் சீரமைத்து வந்தார். தொழுநோயில் நரம்பு கெடுவதால் விரல்கள் மடங்கிப் போகும். முன்கையில் நலமாக உள்ள ஒரு தசையின் நாணை எடுத்து விரலோடு இணைத்தால், விரல் மீண்டும் நிமிரும். ஆயினும் இணைத்தவுடன் கை வேலை செய்துவிடாது. வேறு பணி செய்து பழகிய தசை புதுப் பணியைக் கற்க வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

இந்த அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரிக்குக் கால்கள் போயினவேயன்றிக் கைகள் போகவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் அத்தொழிலைக் கற்றார். எத்தனையோ கைகளை நிமிர்த்தினார்.

விரும்பி எடுத்த அடி

இதுவரை விபத்து அவரைத் தள்ளியது. இனி வருவதே நாம் கருதத்தக்கது. கை அறுவையில் அவருக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. அந்த அறையே அவருடைய புதிய பழகிய வட்டம். அங்கேயே இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் முதுகுத்தண்டு அடிபட்டோருக்கு உயிர் பிழைத்தபின் வாழக் கற்றுத்தரும் இடம் நம் நாட்டில் அரிது என்பதை அவர் உணர்ந்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றார். பின்னர் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். நாற்காலியில் இருந்துகொண்டே கடல் கடந்தவர் அவர்! 1963-இல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986-இல் மறைந்தார்.

நமக்குரிய பாடம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்னும் தோல் ஊர்களிலிருந்து வருவோர் நம்மில் பலர். படிப்பு முடிந்ததும் ஷூ கம்பெனி வேலை நமக்காகக் காத்திருக்கிறது. அதை இகழ்வது என் நோக்கமன்று. எங்கள் தெருவில் முதன்முதலாகக் கம்பெனி பஸ்ஸில் ஏறிய பெண் என் அம்மாதான். அன்று அவருக்கு அதுவே வட்டத்தைத் தாண்டிய அடி. அவர் தைத்த காலணிகளால்தான் நான் மூன்றாம் ஆண்டு வேதியியல் படிக்கிறேன்.

எனக்கோ எம்.எஸ்சி. படிக்கச் சென்னை செல்ல வேண்டும் என்ற ஆசை. தோல் பதனிடும் கழிவு நீர் பாலாற்றை என்ன செய்தது என்பதை நாம் அறிவோம். அந்நீரைத் தூய்மை செய்யும் வேதியியலைக் கற்க விரும்புகிறேன். நான் போனால் வீட்டுக்கு இரண்டாண்டு வருமானம் இல்லை. இது சிறிய பொருளன்று. ஆங்கிலம் தடுக்குமோ என்ற அச்சமும் உண்டு. ஆகவே மேரி செய்தது போல, கையில் இருப்பதை முதலில் எண்ணினேன். பாடம் தெரியும், கேட்டால் சொல்லித்தரும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். வகுப்புக் கருத்தரங்கில் ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசினேன். பிறகு நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். உதவித்தொகை விவரங்களை அம்மாவிடம் கணக்காகவே காட்டினேன். "எழுதிப் பாரும்மா, கெடச்சா அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். இடம் கிடைக்குமா என்பது இன்னும் தெரியாது.

நண்பர்களே! கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதைத் துணிவு என்று கொள்ள வேண்டாம். தசை கூடப் புதுப் பணியைப் பயிற்சியால்தான் கற்கிறது. விபத்து வந்து தள்ளும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இவ்விடுமுறையில் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுவோம்: என் கையில் இருப்பது எது? அதைக் கொண்டு இம்மாதமே செய்யக்கூடியது எது? இரண்டாவது வரியை எழுதியவர் அதை அம்மாதமே செய்து முடிக்கட்டும்.