ஏழு மணி நேரம் காத்திருந்தால் ஈடு உண்டா?

கேள்வி: அம்மாவுடன் சென்னையிலிருந்து டெல்லி கிளம்பினேன். விமானம் ஏழு மணி நேரம் தாமதம், தண்ணீர்கூடத் தரவில்லை. நஷ்ட ஈடு கேட்கலாமா?

பதில்: வயதானவரைப் பட்டினி போட்டது அநியாயம். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி, இந்தத் தூரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது முழு டிக்கெட் பணம். எது என்பது உங்கள் விருப்பம். ஆனால் வெறும் தாமதத்துக்கு ரொக்க ஈட்டை அந்த விதி சொல்லவில்லை. ஐரோப்பாவில் 250 முதல் 600 யூரோ வரை கிடைக்கிறது. இங்கேயும் வர வேண்டும்.

போர்டிங் பாஸ், தாமதம் பற்றி வந்த எஸ்.எம்.எஸ்., கேன்டீன் பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் விமானப் பயணிகளுக்கான அரசின் ‘ஏர்சேவா’ தளத்தில் புகார், அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம். சேவைக் குறைபாட்டுக்கு அங்கே ஈடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.