பாதரச மாசும் நீர்ப்பறவைகளும்

பெங்களூரில் ஜீவனஹள்ளிக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அல்சூர் ஏரியில், 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. நீரில் கரைந்துள்ள பிராணவாயு குறைந்து போனதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. இத்தகைய விபத்து எவர் கண்ணுக்கும் தப்பாது. நாற்றமே அதனை அறிவித்துவிடும். ஆனால் நீர்நிலைகளை வந்தடையும் மாசுகளுள் வேறொரு வகை உண்டு. அது நீரின் நிறத்தையோ மணத்தையோ மாற்றுவதில்லை. மீன்களைக் கூட்டமாகக் கொல்லுவதில்லை. அம்மீன்களைத் தின்னும் பறவைகளையும் பெரும்பாலும் கொல்லுவதில்லை. பறவைகள் வழக்கம்போல் வந்து இறங்குகின்றன, கூடும் கட்டுகின்றன, குஞ்சுகள் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. பாதரசத்தால் விளையும் கேடு இவ்வகையைச் சார்ந்தது. ஏரிக்கரையில் பறவைகளை எண்ணும் களப்பணியாளரும், மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரும் இதனை அறிந்திருத்தல் அவசியமாகும்.

பாதரசம் நம் நாட்டினருக்குப் புதியதன்று. சித்த மருத்துவ நூல்களில் அது ரசம் என்ற பெயரால் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. உஷ்ணமானியினுள் நாம் காணும் திரவ உலோகமும் அதுவே. இவ்வுலோகத்தை ஒரு பறவை விழுங்கினால், அதன் பெரும்பகுதி குடலில் ஏறாமலே வெளியேறிவிடும். எனவே, ‘பாதரசம் ஏரியில் கலந்தது’ என்று சொன்ன மாத்திரத்தில் விஷயம் முடிந்துவிடுவதில்லை. ஏரியின் அடியில் அதற்கு என்ன நேர்கிறது என்பதே முக்கியம்.

ஏரியின் அடிச் சேற்றில் பிராணவாயு புகாத பகுதிகள் உள்ளன. அங்கு, கந்தக உப்புக்களைச் சிதைத்து வாழும் சில பாக்டீரியாக்கள், பாதரசத்தோடு மெதில் என்னும் கரித்தொகுதியை இணைத்து, மெதில் பாதரசம் என்ற பொருளை உண்டாக்குகின்றன. இதற்குத் தேவையான இரு ஜீன்கள் 2013-இல் கண்டறியப்பட்டன. மெதில் பாதரசம் குடலில் ஏறத்தாழ முழுமையாக உறிஞ்சப்படும். உடலின் புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொள்ளும், மூளையிலும் புகும். உட்கொண்ட வேகத்தில் வெளியேறாததால் நாளடைவில் சேர்ந்து பெருகும். பாசியிலிருந்து நீர்ப்பூச்சிக்கும், பூச்சியிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் செல்லுந்தோறும் அதன் செறிவு மிகுகின்றது. சாக்கடை நீர் கலந்து சேறு மண்டிய நகர ஏரிகளில் பிராணவாயு குன்றியிருப்பது இப்பாக்டீரியாக்களுக்கு வாய்ப்பான சூழ்நிலை என்பதையும் கருத வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கொரு தெளிவான எடுத்துக்காட்டு கொடைக்கானல். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலுள்ள வாட்டர்டவுன் நகரிலிருந்து கொண்டுவரப்பட்ட இயந்திரங்களைக் கொண்டு, உஷ்ணமானி செய்யும் தொழிற்சாலையொன்று 1980-களின் முற்பகுதியில் அங்கே அமைக்கப்பட்டது. பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கிய அத்தொழிற்சாலை பின்னர் ஹிந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிகள் ஊரிலுள்ள பழைய சாமான் கிடங்கொன்றில் குவிந்து கிடப்பது 2001 மார்ச்சில் வெளிப்பட்டதும் அது மூடப்பட்டது. 2003-இல் ஏறக்குறைய 290 டன் கழிவு அமெரிக்காவிற்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே 2016-இல் உடன்பாடு ஏற்பட்டது. தொழிலாளரின் உடல்நலம் பற்றிய வழக்குகள் பலரும் அறிந்தவை. இங்கு நமக்குரியது ஏரியைப் பற்றிய செய்தி.

அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் கொடைக்கானல் ஏரியின் நீர், அடிமண், மீன் ஆகியவற்றைப் பரிசோதித்து, முடிவுகளை 2006-இல் வெளியிட்டனர். ஒப்புநோக்கும் பொருட்டு பேரிஜம், கூக்கால் ஏரிகளின் நீரும் சோதிக்கப்பட்டது. அவற்றில் பாதரசம் கணிசமாகக் குறைந்திருந்தது. கொடைக்கானல் ஏரி நீரில் மெதில் பாதரசமாக இருந்தது லிட்டருக்கு ஏறக்குறைய 50 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. மீன்களிலோ கிலோகிராமுக்கு 0.12 முதல் 0.29 மில்லிகிராம் வரை பாதரசம் இருந்தது. வகுப்பில் இதனைக் கணக்காகவே செய்து காட்டலாம். மீனில் 0.2 மில்லிகிராம் எனக் கொண்டால் அது 2,00,000 நானோகிராம். அதனை 50-ஆல் வகுக்க 4,000 வரும். கண்ணுக்குத் தெளிந்து தோன்றும் நீரில் உள்ளதைக் காட்டிலும் நாலாயிரம் மடங்கு, அந்நீரில் வாழும் மீனில் உள்ளது என்பது பொருள்.

அந்த ஆய்வு மீன்களோடு நின்றது. மீன்களை உண்பவை யாவை? சந்தையில் விற்கும் மீனில் கிலோகிராமுக்கு 0.5 மில்லிகிராம் பாதரசம் என்பது பொதுவாக அனுமதிக்கப்படும் வரம்பு. வேட்டையாடும் பெரிய மீன்களுக்கு இதனினும் கூடுதல். அவ்வளவையில் வைத்துப் பார்த்தால் கொடைக்கானல் மீன் தேறிவிடும். ஆனால் அந்த வரம்பு மனிதனுக்காக வகுக்கப்பட்டது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் நாளொன்றுக்கு 150 கிராம் மீன் உண்பதாகவும், அரைக் கிலோ எடையுள்ள ஒரு பறவை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்காகிய 100 கிராம் உண்பதாகவும் கணக்கின் பொருட்டுக் கொள்வோம். மீனில் 0.2 மில்லிகிராம் எனில், உடல் எடை கிலோ ஒன்றுக்கு மனிதனைச் சேர்வது 0.0005 மில்லிகிராம், பறவையைச் சேர்வது 0.04 மில்லிகிராம். எண்பது மடங்கு! மேலும், மனிதன் நாளை பருப்புக் குழம்போடு நின்றுவிடலாம். நீர்க்காகத்துக்கு அந்த வழி இல்லை.

இது வெறும் ஊகமன்று. வட அமெரிக்க ஏரிகளில் லூன் என்ற பெரிய முக்குளிப்பறவை வாழ்கின்றது. கனடாவின் கிழக்குப் பகுதியிலும் விஸ்கான்சினிலும் உள்ள ஏரிகளில் அதனை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட முடிவின்படி, இரைமீனில் கிலோகிராமுக்கு 0.21 மில்லிகிராம் பாதரசம் இருந்த ஏரிகளில், குஞ்சு வளர்ப்பில் எய்தக்கூடிய உச்ச அளவு பாதியாகக் குறைந்தது, 0.41 மில்லிகிராமில் குஞ்சே தேறவில்லை. மீனின் வயதும் பருமனும் ஏரிக்கு ஏரி வேறுபடும். பறவை இனங்களின் தாங்கும் ஆற்றலும் வேறு. எனவே லூனின் கணக்கை நம் மடையானுக்கும் மீன்கொத்திக்கும் அப்படியே பொருத்துதல் கூடாது. ஆயினும், மனிதனுக்குத் தேறும் மீன் பறவைக்குத் தேறாமற்போகலாம் என்பது இதனால் விளங்கும்.

இனி, பறவையினுள் நடப்பது யாது எனக் காண்போம். ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் 1956-இல் மனிதரிடையே நோய் கண்டறியப்பட்ட காலத்தில், பூனைகள் வெறிகொண்டதும், காகங்கள் பறக்கும்போதே விழுந்ததும் குறிக்கப்பட்டுள்ளன. அது மிகக் கடுமையான நஞ்சூட்டு. நாம் பெரும்பாலும் எதிர்நோக்க வேண்டியது அதுவன்று. குணமும் நடத்தையும் சிறிது சிறிதாகத் தடம் மாறுதலே. பாதரசம் மிகுந்த லூன்கள் சோர்வுற்று, அடைகாப்பில் குறைந்த நேரமே அமர்ந்தன. அமெரிக்காவில் 1970-களில், காட்டு வாத்துக்களுக்குத் தீவனத்தில் பத்து லட்சத்தில் அரைப் பங்கு மெதில் பாதரசம் கலந்து மூன்று தலைமுறைகள் வளர்த்துப் பார்த்தனர். பெட்டைகள் கூட்டுப் பெட்டிக்கு வெளியே முட்டையிட்டன. தேறிய குஞ்சுகள் குறைந்தன. அக்குஞ்சுகளும் தாயின் குரலுக்குச் சரிவர ஓடி வரவில்லை. தாயின் அழைப்புக்கு வராத வாத்துக் குஞ்சு காட்டில் எத்தனை நாள் பிழைக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. பிளாரிடாவில் நம் அரிவாள்மூக்கனுக்கு உறவான வெள்ளைப் பறவையினத்தை 2005 முதல் 2008 வரை வளர்த்துச் சோதித்தபோது, பாதரசம் உட்கொண்ட ஆண்பறவைகளின் காதலாட்டம் குன்றியது. பல ஆண்கள் ஆணோடே இணை சேர்ந்தமையால் அக்கூடுகளில் முட்டையே இல்லை. கொடுக்கப்பட்ட அளவு, இயற்கை நீர்நிலைகளில் காணப்படும் அளவே என்பது குறிப்பிடத்தக்கது.

பெட்டைப் பறவை தன் பாதரசத்தில் ஒரு பகுதியை முட்டைக்கு அளித்துவிடுகின்றது. அது மஞ்சட்கருவைவிட வெண்கருவின் புரதத்திலேயே அதிகம் சேர்கின்றது. மற்றொரு வெளியேற்றம் இறகு. வளரும் இறகுக்கு இரத்த ஓட்டம் உண்டு. இரத்தத்திலுள்ள மெதில் பாதரசம் இறகின் கெரட்டின் புரதத்தில் பிணைந்துகொள்ளும். இறகு முற்றியதும் இரத்த ஓட்டம் நின்று, அந்தக் காலத்துக் கணக்கு இறகினுள் மூடி முத்திரையிடப்பட்டது போல் ஆகிவிடும். இறகு முளைக்கும் பருவத்தில் குஞ்சு ஓரளவு காக்கப்படுவதும், இறகு முற்றித் தானே இரை தேடத் தொடங்கும் நாட்களில் அதன் இரத்தத்தில் பாதரசம் உயர்வதும் இதனாலேயே. அனுபவமற்ற குஞ்சு முதன்முதல் மீன் பிடிக்கப் பழகும் வேளை அது.

இறகின் இப்பண்பு ஆராய்ச்சிக்குப் பெருந்துணை புரிந்தது. சுவீடன் நாட்டு அறிஞர்கள் 1960-களில் அருங்காட்சியகங்களிலிருந்த பழைய பறவைகளின் இறகுகளைச் சோதித்தனர். நிலப்பறவைகளில் 1940 வரை ஏறத்தாழ நிலையாயிருந்த பாதரசம் அதன்பின் திடீரென உயர்ந்தது; விதைநெல் போன்ற வித்துக்களுக்குப் பூசிய பாதரச மருந்தே காரணம். மீன் தின்னும் பறவைகளிலோ, நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே படிப்படியாக ஏறி வந்தது. அது ஆலைகளின் கணக்கு. அம்மருந்தை அந்நாடு 1966-இல் தடை செய்தது. இங்கு ஓர் எச்சரிக்கை: பழங்காலத்தில் பாடம் செய்த பறவைகளுக்குப் பூச்சி அரிக்காதிருக்கப் பாதரச உப்பையே பூசுவதும் உண்டு. பள்ளியில் அத்தகைய பழைய மாதிரிகள் இருப்பின் மாணவர் கையில் கொடாதிருத்தல் நலம்.

களத்தில் செய்யத்தக்கவை சில. லூன் போன்ற நீண்ட ஆயுளுடைய பறவைகளில், குஞ்சுகள் தேறாமற்போயினும் முதிர்ந்த பறவைகளின் தொகை பல ஆண்டுகள் மாறாதிருக்கும். ஆகையால் தலைகளை மட்டும் எண்ணும் ஆண்டுக் கணக்கு ஏமாற்றிவிடக்கூடும். கூடுகள் எத்தனை, அடை கலைந்தவை எத்தனை, பறக்கும் பருவம் எய்திய குஞ்சுகள் எத்தனை என மூன்று பத்திகளில் குறித்தல் வேண்டும். ஜீவனஹள்ளிப் பகுதி ஆசிரியர்கள் அல்சூர் ஏரியின் தீவு மரங்களைக் கரையிலிருந்தே தூரதரிசினியால் நோக்கி இப்பயிற்சியைத் தொடங்கலாம். குஞ்சு குறைந்தால் உடனே பாதரசமே காரணம் என எழுதிவிடலாகாது; உணவுப் பஞ்சமும் நாய்களும் மரம் வெட்டலும் அதே விளைவைத் தரும். இரசாயனப் பரிசோதனையே முடிவு கூறவல்லது.

பள்ளி ஆய்வுக்கூடம் பற்றியும் ஒரு சொல். உடைந்த உஷ்ணமானியின் பாதரசத்தைத் தொட்டியில் கழுவி விடுதல் நடைமுறையில் உண்டு. அத்தொட்டியின் நீர் சாக்கடை வழியே ஏரிக்கே செல்லக்கூடும். 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்று உறுதி செய்துள்ளது. எனினும் அலமாரிகளில் பழைய கருவிகள் இருக்கவே செய்கின்றன. சிந்திய துளிகளைத் துடைப்பத்தால் பெருக்காமல், சன்னல்களைத் திறந்து வைத்து, இரு கெட்டியான காகித அட்டைகளால் ஒதுக்கிச் சேர்த்து, நீருள்ள சீசாவில் இட்டு இறுக மூடி, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். எரிந்துபோன குழல் விளக்குகளையும் உடைத்தல் கூடாது.

உதிர்ந்த இறகுகளை ஆய்வுக்கு அனுப்ப விரும்புவோர், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை முன்னிட்டு, முதலில் வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதி பெற வேண்டும். முட்டையையோ கூட்டையோ தொடலாகாது. இறகினைப் பிளாஸ்டிக் பையில் இடாமல், உலர்ந்த காகித உறையில் ஒவ்வொன்றாக இட்டு, பறவையின் பெயர், இடம், தேதி, இறகு இறக்கையினதா உடலினதா என்பவற்றைப் பென்சிலால் உறையின் மேல் எழுதுக. இனம் ஐயமாக இருப்பின், ஐயம் என்றே எழுதுக.