பச்சை மிளகாயின் நலமும் தீங்கும்

கிருஷ்ணன்கோவில் அமைந்துள்ள விருதுநகர் மாவட்டம் மிளகாய் வத்தல் வாணிகத்திற்குப் பெயர்பெற்றது. ஆயினும் மிளகாய் நம் நாட்டுப் பயிரன்று. அமெரிக்கக் கண்டத்தினின்று 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியே வந்தது. அதற்குமுன் நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே கொண்டனர்.

வெங்காயமும் பூண்டும் விலக்கிய நம் சமையலுக்குப் பச்சை மிளகாய் சுவையூட்டுகிறது. அதில் வைட்டமின் 'சி' மிகுதி. நெடுநேரம் கொதிக்கவிட்டால் அது குறையும். காரம் தருவது கேப்சைசின் என்னும் பொருள். அது விதையைத் தாங்கும் வெண்ணிறத் தசையிலேயே மிகுந்துள்ளது. அதனை நீக்கிச் சமைத்தால் காரம் தணியும். வாய் எரிந்தால் நீரினும் மோரே நன்று.

அளவு மீறின் நெஞ்செரிச்சலும் வயிற்றுப்போக்கும் உண்டாகலாம். ஆதலின் நோன்பு முடித்துப் பாரணை செய்யும் நாளில் மிளகாயை விலக்கிக் கஞ்சியருந்துவோமாக. சுவை துறத்தலும் புறத்தவம் ஆறனுள் ஒன்றன்றோ!